நூலா, அதிர்வா?

இரைப்பைப் புற்றுக்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் கட்டியை வெட்டி எடுப்பதற்கு ஆகும் நேரம் குறைவு. இரைப்பையைச் சுற்றிலும் உள்ள கொழுப்பையும் அதற்குள் ஒளிந்திருக்கும் நிணக்கணுக்களையும் ரத்தநாளங்களிலிருந்து உரித்தெடுப்பதற்குத்தான் பொழுது போகிறது. குறைந்தது 16 கணுக்களாவது நோயியல் மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இன்றைய அளவுகோல். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுகளில் இரைப்பைப் புற்றும் நெடுங்காலமாக இருந்துவருவதால், நம்மூர் ஆபரேஷன் தியேட்டர்களுக்கு இது பழகிய வேலை.

இதைச் செய்ய இரண்டு வழிகள். 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்று பாதித்த இரைப்பைப் பகுதியை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றியபோது அவரிடம் இருந்தவை கத்தி, கவ்வி, பட்டு நூல். பழைய வழி இன்னும் அந்தக் குடும்பம்தான். 1926-ல் பாஸ்டனில் உயிர் இயற்பியலாளர் போவியும் நரம்பியல் அறுவை மருத்துவர் குஷிங்கும் சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த மின்காட்டரி மட்டும் அதில் கூடியது. தியேட்டரில் நின்று கேட்டால் பழைய வழிக்கு ஒரு தாளம் தெரியும்: ஆர்ட்டரி, ஆர்ட்டரி, கத்தரி, டை, டை, கட். நாளத்தின் இரு பக்கமும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் போட்டு, நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் நூலால் கட்டி, மிச்ச நூலை நறுக்க வேண்டும். இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து திரைபோலத் தொங்கும் ஓமெண்டத்தைப் பிரிக்க மட்டும் இதைப் பத்து இருபது தடவை செய்ய வேண்டியிருக்கும். முடிச்சுப் போடும் உதவியாளர் புதிய பி.ஜி. மாணவர் என்றால் தாளம் இன்னும் மெதுவாகும்.

புதிய வழியில் ஒரே கருவி கவ்வுகிறது, மூடுகிறது, வெட்டுகிறது. ஹார்மோனிக் என்று தியேட்டரில் அழைக்கப்படும் அந்தக் கருவியின் கைப்பிடியில் பொருத்தப்படும் பீங்கான் தகடுகள் மின்சாரத்தை அசைவாக மாற்றுகின்றன. நுனி அலகு நொடிக்குச் சுமார் 55,500 தடவை முன்னும் பின்னும் அதிர்கிறது. அசைவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. அந்த உராய்வில் திசுவின் புரதம் குலைந்து பசைபோல ஒட்டி நாளத்தின் வாயை அடைக்கிறது. நோயாளியின் உடல் வழியே மின்சாரம் ஓடுவதில்லை. அதனால் காட்டரிக்குப்போலத் தொடையில் ஒட்டும் தகடு தேவைப்படாது, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கவலை குறைவு. காட்டரியின் கருகிய புகைக்குப் பதில் மெல்லிய ஆவிதான் எழும்.

இந்தக் கருவி 1990-களில் பரவியது துளைவழி அறுவைக்காக. அங்கே நீண்ட குழாயின் நுனியில் முடிச்சுப் போடுவது பெரும் பாடு. வயிற்றையே திறந்துவிட்டால் இரண்டு கையும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. முடிச்சுக்குத் தடையே இல்லை. ஆகவே திறந்த அறுவையில் ஹார்மோனிக்கின் பயனை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஓமெண்டத்தில் அது கிடைக்கிறது. கொழுப்பைத் தளர்வாகப் பிடித்து, அலகை மூடி, நிறம் வெளுக்கும்வரை காத்திருந்தால், சிறு நாளங்கள் ரத்தம் சொட்டாமல் பிரிகின்றன. காத்திருப்பதுதான் இதில் வித்தை. அவசரப்பட்டு இழுத்தால் வெட்டு சீக்கிரம் விழும், அடைப்பு சரியாக விழாது. மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும் இடையில் உள்ள குட்டை நாளங்களில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். அந்த ஆழத்தில் நூலை இறக்கிக் கட்டுகையில் கை சற்றே இழுத்தாலும் மண்ணீரலின் உறை கிழிந்துவிடும்.

இரைப்பையின் இடது தமனியை அதன் வேரில் துண்டிக்கும் இடத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. பெரும்பாலான மாடல்களின் வரம்பு 5 மி.மீ., சிலவற்றுக்கு 7. இந்தத் தமனி பல நேரம் அதற்குள் அடங்கும் என்றாலும், வேரில் அடைப்பு விட்டுப்போனால் ரத்தம் வயிற்றை நிரப்பச் சில நிமிடம் போதும். நூலோ கிளிப்போ போட்ட பிறகே வெட்டுவோர்தான் இங்கே அதிகம், அது சரி என்றே படுகிறது. கணையத்தின் மேல் விளிம்பில் கணுக்களை உரிக்கும்போது வேறொரு பயம். அதிர்வு நின்ற பிறகும் அலகு சுடும். நீண்ட நேரம் அழுத்தியிருந்தால் 200 டிகிரியைத் தாண்டவும் கூடும். அந்தச் சூட்டோடு கணையத்தைத் தொட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. சில நாள் கழித்து வடிகுழாயில் கணையநீர் வரும்போதுதான் தெரியும். இந்த ஓரத்தில் காட்டரியும் நல்ல பிள்ளை இல்லை, அதன் சூடு இன்னும் பரவக்கூடியது. ஆனால் அதன் நுனியைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஹார்மோனிக்கை 'குளிர்ந்த' கருவி என்று நம்பிவிடுவது அதைவிட ஆபத்து.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. திறந்த இரைப்பை நீக்கத்தில் 60 நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டு 2012-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் ஹார்மோனிக் அணிக்கு நேரமும் ரத்த இழப்பும் குறைந்தன. கணைய அறுவையில் இதே கேள்வியை எழுப்பிய ஐரோப்பிய ஆய்வில் நேரம் மிச்சமாகவில்லை. முரண்போலத் தோன்றலாம், எனக்கு அப்படிப் படவில்லை. இரைப்பை அறுவையில் சிறு நாளங்களை வரிசையாகப் பிரிக்கும் வேலை அதிகம். கணைய அறுவையில் நேரத்தில் பெரும்பங்கு குடலையும் குழாய்களையும் தைத்து இணைப்பதற்குப் போகிறது, அங்கே அதிர்வுக்கு வேலை இல்லை. 'எந்தக் கருவி சிறந்தது' என்று முழு அறுவைக்கும் சேர்த்துக் கேட்பதால்தான் பதில் குழம்புகிறது.

விலைக் கணக்கு வேறு. ஒரு நூல் பொட்டலத்துக்கும் ஒரு ஹார்மோனிக் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தவே அது தயாராகிறது. நம் நாட்டின் பல மருத்துவமனைகளில் அதையே கிருமிநீக்கம் செய்து மறுபடியும் எடுக்கிறார்கள். அலகுக்கு எதிரில் தாடையில் ஒரு டெஃப்லான் பட்டை இருக்கிறது. திசு இல்லாமல் வெறும் வாயில் இயக்கினால் அது தேயும், தேய்ந்தால் பிடி தளரும், அடைப்பும் நம்பகமாக இராது. ஆய்வுகளில் பேசப்படுவது புதிதாகப் பிரித்த கருவியின் திறன். பட்டை தேய்ந்த கைப்பிடியோடு நூலை ஒப்பிடும்போது அந்த முடிவுகளை அப்படியே எடுத்துவைக்க முடியாது.