டார்வினின் பதினைந்து ஜோடிச் செடிகள்

தங்கை மகள் வேளாண்மையில் முதுகலை படிக்கிறாள். போன வாரம் வந்தவள், "பெரியம்மா, பாதிக் கன்னு செத்துப்போச்சு. மிச்சத்துக்கு மட்டும் உயரம் சராசரி எடுத்தா தப்புன்னு சார் திட்டுறார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய வரலாறு உண்டு. சார்லஸ் டார்வின் அயல் மகரந்தச் சேர்க்கையில் வந்த மக்காச்சோளத்தையும் தன்மகரந்தச் சேர்க்கையில் வந்ததையும் ஜோடி ஜோடியாக, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் வளர்த்தார். மொத்தம் 15 ஜோடி. 13 ஜோடிகளில் அயல் சேர்க்கைச் செடியே உயரம். சராசரி வித்தியாசம் சுமார் 2.6 அங்குலம். இதை நம்பலாமா என்று உறவினர் பிரான்சிஸ் கால்டனிடம் கேட்டார். கால்டன் இரண்டு வகையையும் தனித்தனியே உயர வரிசையில் அடுக்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஜோடி உடைந்துபோனது! டார்வினின் புத்தகம் 1876இல் வந்தது.

1935இல் ரொனால்ட் ஃபிஷர் இதே எண்களை எடுத்து, ஒரே தொட்டி, ஒரே மண் என்று டார்வின் பட்ட பாடெல்லாம் ஜோடியில்தான் இருக்கிறது, அதைக் கலைக்கக் கூடாது என்றார். ஜோடி வித்தியாசங்களை வைத்துக் கணக்கிட்டால் விடை 2.148. தாண்ட வேண்டிய எல்லை 2.145. நூலிழை! இன்னொரு வழியில், கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றி மாற்றி 32,768 விதமாகவும் பார்த்தார். அதில் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்தது. கணிப்பொறி இல்லாத காலம், யோசித்துப் பாருங்கள்.

உயரம் ஒரு அளவு. பிழைத்ததா, செத்ததா என்பது ஆம், இல்லை. இரண்டுக்கும் ஒரே சூத்திரம் பொருந்தாது. 1972இல் நெல்டரும் வெடர்பர்னும் இப்படிப்பட்ட விடைகளையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்பதற்கு டேவிட் காக்ஸ் வழி சொன்னதும் அதே ஆண்டுதான்.

இனி என் கதை. பள்ளியில் ஒருமுறை வகுப்புக்கு இருபது கன்று கொடுத்தோம். ஏழாம் வகுப்பில் பிழைத்தது ஆறு, எல்லாம் நெடுநெடு. ஆறாம் வகுப்பில் பதினெட்டு. அதில் நோஞ்சானும் சேர்த்தி. நான் சராசரி உயரம் எடுத்து ஏழாம் வகுப்புக்குப் பரிசு கொடுத்துவிட்டேன். விடுமுறையிலும் வந்து குடத்தில் தண்ணீர் ஊற்றியவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். "டீச்சர், எங்களோடது சாகலையே" என்று ஒருத்தி கேட்டாள். "கணக்கு கணக்குதான்" என்று உட்கார வைத்தேன்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பரிசு உங்களுடையதுதானம்மா.