பேர் சொல்லிப் படித்தால் கடிதம் வரும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

பேசாத ஜனங்களைப் பேச வைப்பது எப்படி? முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. "புரிந்ததா?" என்று கேட்டால் நாற்பது தலைகள் ஆடும். "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்றால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். வகுப்பில் மட்டும் அல்ல, சங்கக் கூட்டத்திலும் ஊர்ப் பொதுக்கூட்டத்திலும் இதே கதைதான். ஆனால் இதே நம் ஜனங்கள், முகம் தெரியாத மனிதர்களுக்கு, கடல் தாண்டி, மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அது எப்படி நடந்தது என்று பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் அஞ்சலட்டை. 1879 ஜூலை 1ஆம் தேதி இந்தியாவில் அது அறிமுகமானது. விலை காலணா. அதனால்தான் நம் தாத்தாக்கள் அதைக் "காலணா கார்டு" என்றார்கள். அரைப் பக்கம்தான் இடம் என்பதால் நான்கு வரி எழுதினாலே நிறைந்துவிடும். பெரிய இலக்கியம் எழுத வேண்டுமோ என்ற பயம் இல்லை. ரிப்ளை கார்டு என்று ஒன்றும் இருந்தது. இரண்டு அட்டைகள் ஒட்டினாற்போல் வரும். ஒன்றில் நாம் எழுதி அனுப்புவோம், மற்றொன்றில் அவர்கள் பதில் எழுதி அனுப்ப வேண்டும். பதிலுக்கான தபால் செலவையும் கேட்கிறவனே ஏற்றுக்கொண்டான். பதில் வேண்டுமென்றால் பதில் சொல்கிறவருக்கு ஒரு சிரமமும் வைக்கக் கூடாது என்பதை நம் தபால் இலாகா அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தது.

அடுத்து வானொலி. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆனார். சாஸ்திரிய சங்கீதம்தான் ஒலிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒதுங்கியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வானொலியின் முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். இழந்த நேயர்களைத் திரும்ப அழைக்க விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. அது 1957 அக்டோபரில்.

அந்த 1952ஆம் வருடமே இலங்கை வானொலியில் அமீன் சயானியின் "பினாகா கீத்மாலா" என்ற இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து, கொழும்புக்கு அனுப்பி ஒலிபரப்புவார்கள். ஏழு பாட்டுகளை வரிசை மாற்றிப் போடுவார்கள். எது முதலில் வந்த பாட்டு, எது பிறகு வந்தது என்று நேயர்கள் வரிசைப்படுத்தி எழுதி அனுப்ப வேண்டும். பரிசு 100 ரூபாய். சரியாக எழுதியவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நூறு கடிதம் வந்தாலே அதிகம் என்று நினைத்திருப்பார்கள். முதல் நிகழ்ச்சிக்கு வந்தவை 9,000. பிறகு வாரத்துக்கு 65,000 வரை போனது. திருத்தி மாளாமல் கடைசியில் போட்டியையே மாற்ற வேண்டி வந்தது.

நூறு ரூபாய்க்காகவா அத்தனை பேர் எழுதினார்கள்? பங்கு போட்டால் தலைக்கு ஓரணா தேறியிருக்குமா? இல்லை. வானொலியில் தன் பெயரும் ஊர்ப் பெயரும் வர வேண்டும் என்பதற்காகவும் எழுதினார்கள். ஜும்ரி திலையா என்று ஓர் ஊர். இன்றைய ஜார்கண்ட் மாநிலத்தில் மைக்கா சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறு நகரம். பாட்டு கேட்டுக் கடிதம் எழுதி எழுதியே அந்த ஊர் இந்தியா முழுக்கப் பிரபலமானது. வரைபடத்தில் தேடினால் கிடைக்காத ஊரை வடநாட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

தமிழிலும் அப்படித்தான். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். நம் காஞ்சிபுரத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. தறியில் உட்கார்ந்தவருக்குக் கையும் காலும் கண்ணும் ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தத்துக்கு நடுவே "பொங்கும் பூம்புனல்" கேட்கும். பிறந்தநாள் வாழ்த்தில் குழந்தையின் பெயர், அப்பா அம்மா பெயர், மாமா அத்தை பெயர், தெருப் பெயர் என்று வரிசையாகப் படிப்பார்கள். அன்றைக்கு அந்தத் தெருவுக்கே திருவிழா.

இதைவிட ஆச்சரியம் சீன வானொலி. 1962இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர். அடுத்த வருடமே, 1963 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பீகிங்கில் இருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. சீனர்கள் தமிழ் கற்று, கலையரசி, கலைமகள் என்று தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டு நம்மோடு பேசினார்கள். பிற்காலத்தில் அந்த நிலையத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிப் பிரிவுகளில், நேயர் கடிதங்களைப் பெறுவதில் தமிழ்ப் பிரிவு பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்றது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நேயர் மன்றங்கள் முளைத்தன. ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர் பேடு எல்லாம் தயாராயின. அறிவுப் போட்டியில் வென்று சீனாவையே பார்த்துவிட்டு வந்த தமிழ் நேயர்களும் உண்டு.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சிற்றலை ஒலிபரப்பு வானத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. பருவம் மாறினால், பொழுது மாறினால் தெளிவும் மாறும். காஞ்சிபுரத்தில் எப்படிக் கேட்கிறது என்று பீகிங்கில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கேட்கிறவர் எழுதினால்தான் தெரியும். ஒலியின் வலிமை, மற்ற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல் என்று ஐந்து அம்சங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு எழுதுவார்கள். 55555 என்றால் துல்லியம். அந்த அறிக்கை சரியென்று கண்டால் நிலையம் ஓர் அழகான வண்ண அட்டை அனுப்பும். அதைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியனாக நான் இங்கேதான் நின்று யோசிக்கிறேன். வகுப்பறையில் நாங்கள் கேட்கும் கேள்விக்கு விடை எங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்கும் அது தெரியும். "சாருக்குத் தெரிந்ததை ஏன் நம்மிடம் கேட்கிறார்? மாட்டிவிடத்தான்" என்று வாயை மூடிக்கொள்வார்கள். வானொலி கேட்டதோ தனக்கு விடை தெரியாத கேள்வி. பதில் அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. பதிலும் வந்தது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க அந்தக் காலத்தில் வேறு வழி கிடையாது. கடிதக் கட்டுதான் கணக்கு. கடிதம் வராத நிகழ்ச்சிக்கு ஆள் இருக்கிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கே வருவோம். 1942 மார்ச்சில் அண்ணா காஞ்சிபுரத்தில் இருந்து "திராவிட நாடு" வார இதழைத் தொடங்கினார். 1955 முதல் அதில் "தம்பிக்கு" என்று கடித வடிவில் எழுதினார். கட்டுரை என்றால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். கடிதம் என்றால் பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? "தோழர்களே" என்று கூட்டத்தைக் கூப்பிடாமல் "தம்பி" என்று ஒருமையில் அழைத்ததால், படித்த ஒவ்வொருவரும் அது தனக்கு வந்தது என்று எடுத்துக்கொண்டார். அண்ணன் எழுதினால் தம்பி சும்மா இருக்க முடியுமா? உறவுச் சொல் ஒன்று எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். கட்சி அரசியல் எனக்கு வேண்டாம். எந்தக் கட்சிக்காரரும் இதைப் பாடமாகப் படிக்கலாம்.

அதோடு நிற்கவில்லை. 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதை வந்திருந்தவர்களிடமே விட்டார்கள். இரண்டு பெட்டிகள். நிற்கலாம் என்று 56,942 பேரும், வேண்டாம் என்று 4,203 பேரும் ஓட்டுப் போட்டார்கள். அதன்படியே 1957இல் நின்றார்கள், சட்டமன்றத்தில் 15 இடம் கிடைத்தது. அண்ணா வென்றது காஞ்சிபுரத்தில். "உங்கள் கருத்து என்ன?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டிருந்தால் கைதட்டல்தான் வந்திருக்கும். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டார்கள். சொன்ன பதிலின்படி நடந்தும் காட்டினார்கள்.

இன்னும் பின்னால் போனால், நம்மிடம் இருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஆண்டு 919, 921. குடவோலை முறையை நீங்கள் எல்லோரும் என்னிடம் படித்திருக்கிறீர்கள். ஊரில் 30 குடும்புகள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதற்குப் பிறகு உள்ளதைத்தான் நாம் கவனிப்பதில்லை. ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி, சபை கேட்க வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். பெயரை உரக்கப் படிப்பது அன்றைக்கே சட்டம்.

ஆனால் முழுதும் பெருமைப்பட முடியாது. அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது என்றெல்லாம் தகுதி வைத்தார்கள். நிலம் இல்லாதவர் பெயரும், பெண்கள் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. யாரைக் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்றவர்கள் ஏன் பேசவில்லை என்று பிறகு வியப்பதில் அர்த்தம் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. உங்களில் ஒருவர் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். "சார், கிராம சபைக்கு ஆள் வருகிறார்கள். கையெழுத்துப் போடுகிறார்கள். பேசத்தான் ஆள் இல்லை" என்று தொலைபேசியில் வருத்தப்பட்டார். நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது விதி. விதி தலையை எண்ணுகிறது, வாயை எண்ணுவதில்லை. அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

"குறைகள் உண்டா?" என்று கேட்காதீர்கள் தம்பி. "உங்கள் தெருக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் பிடிக்க முடிகிறது?" என்று கேளுங்கள். அது உங்களுக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். மேடைக்கு வரச் சொல்லாதீர்கள், உட்கார்ந்த இடத்தில் இருந்தே சொல்லட்டும். எழுத முடிந்தவருக்குத் துண்டுச் சீட்டு கொடுங்கள். பின்வரிசையிலும் மரத்தடியிலும் நிற்பவர்களை முதலில் கேளுங்கள். முக்கியமாக, அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போது போன கூட்டத்தில் பேசியவர் பெயர், தெரு, சொன்னது, அதற்கு நடந்தது, இந்த நான்கையும் உரக்கப் படியுங்கள். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றும், ஏன் என்றும் படியுங்கள். அது தெரியாமல் எவரும் இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டார்.

வானொலிக்கு எழுதிய அதே கைகள்தான் இன்றும் இருக்கின்றன. எழுதியது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் மறுபடி எழுதும்.

கடைசியாக ஒன்று. நம் குடும்பங்களில் இலங்கை வானொலிக்கோ சீன வானொலிக்கோ கடிதம் போட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த அட்டைகளும் லெட்டர் பேடுகளும் பரணில் கிடக்கும், பழைய பேப்பர்காரரிடம் போவதற்கு முன் எடுத்து வையுங்கள். எந்த வருடம், எந்த நிகழ்ச்சி, பெயரை யார் படித்தார் என்று அம்மாவிடமும் அத்தையிடமும் மாமாவிடமும் கேட்டு எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரியாத விஷயம் அது, அதனால்தான் கேட்கிறேன். வருகிறதை எல்லாம் பெயர், தெருப் பெயரோடு அடுத்த ஞாயிறு பதிவில் போடுகிறேன்.

நலமாக இருங்கள்.