மறுபடி அழைப்பது யார் வேலை? யூனிக்ஸ் அழைப்புகளுக்கு உறை வந்த வரலாறு

சி மொழியில் எழுதிய பெரிய மென்பொருள்களில் ரீட், ரைட், மல்லாக் போன்ற அடிமட்ட அழைப்புகளை நேரடியாகத் தொடுவது அரிது. அவற்றின் மேல் மெல்லிய உறை போட்ட சார்புகளை ஒரு கோப்பில் திரட்டி வைத்திருப்பார்கள். கிட் மென்பொருளில் அந்தக் கோப்பின் பெயரே ரேப்பர்.சி. இந்த உறைச்சார்புகள் எதற்கு என்று கேட்டால், பலரும் திரும்பச் சொல்வது ரிச்சர்ட் கேப்ரியல் சொன்ன காரணத்தைத்தான். லிஸ்ப் மொழியின் நிலை குறித்து அவர் எழுதி 1991இல் அச்சேறிய கட்டுரையில், ‘வொர்ஸ் இஸ் பெட்டர்’ என்று பெயர்பெற்ற பகுதியில் அது வருகிறது. அவருடைய வாசிப்பு மூலநிரலோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேப்ரியல் ஓர் உரையாடலைச் சொல்கிறார். ஒருவர் எம்ஐடிக்காரர்; மற்றவர் பெர்க்லியில் இருந்துகொண்டு யூனிக்ஸில் வேலை செய்பவர். ஒரு புரோகிராம் நீண்ட நேரம் பிடிக்கும் சிஸ்டம் காலுக்குள் இருக்கும்போது சிக்னல் வந்தால் என்ன ஆகும்? எம்ஐடியின் ஐடிஎஸ் இயங்குதளம் கவனமாகப் பின்வாங்கும். புரோகிராமை அழைப்பின் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, குறுக்கே வந்த வேலை முடிந்ததும் அதே அழைப்புக்குள் மறுபடி நுழையவைக்கும். யூனிக்ஸ் ஒரு பிழை எண்ணைக் கொடுத்து விலகிக்கொள்ளும். மறுபடி அழைப்பது புரோகிராமின் பாடு. எம்ஐடிக்காரர் யூனிக்ஸ் மூலநிரலில் தேடியும் இந்தச் சிக்கலைக் கையாளும் நிரல் தென்படவில்லை என்கிறார் கேப்ரியல். கெர்னலின் எளிமையைக் காப்பாற்ற, சிக்கலைப் பயனர் தலையில் இறக்கினார்கள் என்பது அவர் முடிவு.

நிரல் தென்படவில்லை என்ற அந்த ஒரு கூற்றின் மேல்தான் வாதம் முழுவதும் நிற்கிறது. ஆனால் நிரல் இருக்கிறது.

1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் ட்ராப்.சி கோப்பில் ‘ட்ராப்1’ என்றொரு சிறு சார்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் லயன்ஸ் 1977இல் இந்த மூலநிரலுக்கு உரை எழுதினார். 1996இல் நூலாக வெளிவரும்வரை அந்த உரை நகல் தாள்களாகவே கைமாறியது. ட்ராப்1 செய்வது நான்கே வேலைகள். ‘இன்ட்ஃப்ளாக்’ என்ற கொடியில் 1 எழுதும். அப்போதைய அடுக்கு நிலையைச் சேமிக்கும். கேட்ட அழைப்பை நடத்தும். அது முடிந்ததும் கொடியில் 0 எழுதும். அழைப்பு உறங்கிக் காத்திருக்கும்போது சிக்னல் வந்தால், கெர்னல் சேமித்த நிலைக்கு ஒரே தாவாகத் தாவிவிடும்; 0 எழுதும் வரி ஓடவே ஓடாது. வெளியே இருக்கும் ட்ராப் சார்பு, கொடி இன்னும் 1 ஆகவே இருப்பதைக் கண்டு ‘ஈ-இன்டர்’ என்ற பிழை எண்ணை வைக்கும்.

எம்ஐடிக்காரர் தேடியது அழைப்பை மீண்டும் தொடங்கும் நிரலை. இங்கே இருப்பது அழைப்பைக் கைவிட்டு, கைவிட்டதை ஒளிக்காமல் சொல்லும் நிரல். இரண்டும் வேறு வேறு தீர்வுகள். முதல் தீர்வைக் காணாததால் தீர்வே இல்லை என்று முடிவுகட்டுவது சரியாகாது.

இன்னொன்றும் அந்த மூலநிரலிலேயே தெரிகிறது. ஸ்லீப் சார்புக்கு ஒரு முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். அது எதிர்ம எண்ணாக இருந்தால் சிக்னல் அந்த உறக்கத்தைக் கலைக்காது. டிஸ்க்குக்குக் காத்திருக்கும் உறக்கத்தின் எண் −50. டெர்மினலில் யாராவது தட்டச்சு செய்வதற்குக் காத்திருக்கும் உறக்கத்தின் எண் 10. டிஸ்க் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், காத்திருக்கலாம். விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பவர் எப்போது தட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. யோசிக்காமல் தள்ளிவிட்டவர்கள் இப்படித் தரம்பிரித்திருக்க மாட்டார்கள்.

அந்த உரையாடல் எப்போது நடந்தது? கேப்ரியல் பெயரும் சொல்லவில்லை, ஆண்டும் சொல்லவில்லை. ஒப்பிட ஒரு கல்வெட்டை எடுத்துக்கொள்வோம்: திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு அபராஜித பல்லவனின் 18ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. அவன் எந்த ஆண்டில் முடிசூடினான் என்பதில் இன்றும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கேப்ரியலின் கதையில் ஆட்சியாண்டு அளவுக்குக்கூடப் பிடி இல்லை. ஆனால் ஆண்டு இங்கே முக்கியம். 1983இல் பெர்க்லியே வெளியிட்ட 4.2 பிஎஸ்டி, இப்படிக் குறுக்கிடப்பட்ட ரீட், ரைட் போன்ற அழைப்புகளைக் கெர்னலுக்குள்ளேயே தானாக மீண்டும் தொடங்கியது. உரையாடல் 1983க்குப் பிந்தியது என்றால், பெர்க்லிக்காரர் தம் வீட்டு வேலையையே மறந்து பேசியிருக்கிறார். முந்தியது என்றால், அது ஒரு காலகட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். யூனிக்ஸ் மரபு முழுமைக்கும் இலக்கணமாகாது. முந்தியது என்றே தோன்றுகிறது. உறுதிப்படுத்தும் சான்று கட்டுரைக்குள் இல்லை.

அடுத்து நடந்தது கேப்ரியலின் வாசிப்புக்கு இன்னும் இடைஞ்சலானது. 4.3 பிஎஸ்டி 1986இல் ‘சிக்இன்டரப்ட்’ என்ற சார்பைச் சேர்த்தது. தானாக மீண்டும் தொடங்குவது எந்தச் சிக்னலுக்கு வேண்டாமோ, அதற்கு மட்டும் அதை நிறுத்திவைக்கும் வசதி இது. பதிலே வராத இணைப்பில் ரீட் சிக்கிக்கொண்டால், அலாரம் வைத்து அதை முறிப்பது புரோகிராமர்களின் பழைய வழி. அலாரம் அடித்த பின்னும் கெர்னல் அதே ரீடுக்குள் திரும்பப் போனால் அலாரத்துக்கு வேலையே இல்லை. எம்ஐடிக்காரர் ‘சரியானது’ என்று கருதிய தீர்வை நடைமுறைப்படுத்திய பிறகுதான், அது எல்லா இடத்துக்கும் சரியல்ல என்பது வெளிப்பட்டது.

அப்படியானால் முடிவெடுக்க வேண்டியது யார்? இதற்கான தடயம் டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் பாடநூல்களில் இருக்கிறது. 1992இல் வந்த யூனிக்ஸ் புரோகிராமிங் நூலில் சிக்னல் சார்புக்கு அவர் ஓர் உறை எழுதினார். எல்லாச் சிக்னலுக்கும் ‘அழைப்பை மீண்டும் தொடங்கு’ என்று அது கெர்னலிடம் சொல்லும், அலாரத்துக்கு மட்டும் சொல்லாது. ஒரே ஒரு ‘இஃப்’ வரியில், கெர்னலும் இறுதிப் புரோகிராமரும் பங்குபோட்டுக்கொள்ளத் தவித்த பொறுப்பு மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது.

அவருடைய ‘ரீட்என்’ சார்பு இன்னும் சுவையான பாடபேதம். கேட்ட அளவு பைட்டுகள் வரும்வரை ரீடைத் திரும்பத் திரும்ப அழைக்கும் சிறு சார்பு அது. 1990ஆம் ஆண்டு நெட்வொர்க் புரோகிராமிங் நூலில், ரீட் எதிர்ம எண் தந்தால் ரீட்என் உடனே பிழையோடு திரும்பிவிடும். அதே நூலின் 1998 பதிப்பில் இடையே ஒரு சோதனை நுழைந்திருக்கிறது: பிழை ஈ-இன்டர் என்றால் வந்தது 0 பைட் என்று வைத்துக்கொண்டு மறுபடி அழை. ஆகவே மறுமுயற்சி உறை பாடநூல் வழக்கானது இந்த எட்டாண்டு இடைவெளியில் என்று கொள்ளலாம். பட்டறைகளில் அது முன்பே இருந்திருக்கக்கூடும்.

ஆனால் 1998 பதிப்பில் இந்த இரண்டு உறைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. மீண்டும் தொடங்கும் வசதியுள்ள கணினியில், சிக்னல் உறை வழியே போனால் அலாரம் மட்டுமே ரீடை முறிக்கும். முறிந்ததும் ரீட்என் அதே ரீடை மறுபடி அழைக்கிறது, அலாரம் வீண். அந்த வசதி இல்லாத கணினிகளுக்காகவே சோதனை சேர்க்கப்பட்டது என்று விளக்கலாம், அதுவே பொருத்தமாகவும் படுகிறது. எனினும் ஸ்டீவன்ஸ் 1999இல் மறைந்துவிட்டதால் இதை அவரிடம் கேட்டுத் தெளிய வழியில்லை.

கேப்ரியலுக்குச் சாதகமான சான்றையும் மறைக்கக்கூடாது. 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டான்டர்ட் ஐஓ லைப்ரரியில் ரீட் தோற்றால் பிழைக்கொடி உயரும், அவ்வளவுதான். ஈ-இன்டரைத் தனியே பார்க்கும் வரி இல்லை. அந்த ஆண்டுகளில் சுமை உண்மையிலேயே புரோகிராமர் தலையில்தான் இருந்தது.

ஆனால் மறுமுயற்சி ஒரே அச்சில் வார்க்கக்கூடிய வேலை அல்ல. 30 விநாடி காத்திருக்கச் சொன்ன செலக்ட் அழைப்பு 20ஆம் விநாடியில் முறிந்தால், அப்படியே மறுபடி அழைப்பது மொத்தம் 50 விநாடி ஆக்கிவிடும். மீதி 10ஐக் கணக்கிட்டே அழைக்க வேண்டும். குளோஸ் அழைப்பு இன்னும் ஆபத்து. லினக்ஸில் ஈ-இன்டர் வந்தாலும் கோப்பு எண் விடுவிக்கப்பட்டிருக்கும். மறுபடி மூடினால், இடையில் அதே எண்ணைப் பெற்ற வேறொரு திரெட்டின் கோப்பு மூடப்படலாம். கிட்டின் எக்ஸ்ரீட் உறை ஈ-இன்டர் வந்தால் மறுபடி அழைப்பதோடு, ஒரு தடவைக்கு 8 எம்பிக்கு மேல் கேட்பதில்லை. மிகப் பெரிய அளவு கேட்டால் 64 பிட் மேக் கணினியில் பிழை வந்ததும், புரோகிராமை நிறுத்தும்போது தாமதமாவதும் காரணம். 2015இல் வந்த பைத்தான் 3.5 மறுமுயற்சியைத் தன் லைப்ரரிக்குள் எடுத்துக்கொண்டது. சிக்னலைக் கவனிக்கும் சார்பு எக்ஸெப்ஷன் எழுப்பினால் மட்டும் மறுபடி அழைக்காது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் நெட்வொர்க் ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரீட்என் சார்பின் 1990, 1998 வடிவங்களை அருகருகே வைத்து, அலாரம் அடித்தால் இரண்டும் என்ன செய்யும் என்று மாணவர்களை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.