தோட்ட லயங்களில் சுவரும் சாய்ப்பும்: கேகாலைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய ஆகிய கேகாலை மாவட்டப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிப்பதாகும். இம்மழைக்கு ஈடுகொடுக்க வேண்டிய லயக் கூரைகளின் வரலாறு, பெருந்தோட்ட ஆய்வுகளில் போதிய கவனத்தைப் பெற்றதில்லை. கூலியும் குடியுரிமையும் ஆராயப்பட்ட அளவுக்குக் கூரை ஆராயப்படவில்லை.

நெளிதகரத்திற்கு இங்கிலாந்தில் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்றது 1829ஆம் ஆண்டிலாகும். நாகம் பூசும் முறை 1837இல் வந்து சேர, அத்தகரம் குடியேற்ற நாடுகளெங்கும் பரவியது. இலங்கைத் தோட்டங்களிலும் ஓலையும் புல்லும் வேய்ந்த கூரைகளின் இடத்தை அது படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு என்பதே லயத்தின் பொது அமைப்பு. சமையலுக்கெனத் தனியிடம் பெரும்பாலும் இருந்ததில்லை. குடும்பம் பெருகியபோது தொழிலாளர் தாமே லயத்தின் சுவரோடு சேர்த்துத் தாழ்வான சாய்ப்பொன்றை இறக்கிக்கொண்டனர். ஒழுக்கின் பிறப்பிடம் இதுவே.

சாய்ப்பின் தகரம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். கல்லும் மண்சாந்துமான பழஞ்சுவரோ அவ்வாறு அசைவதில்லை. இரண்டும் சந்திக்குமிடத்தைச் சீமெந்தால் பூசி அடைப்பது வழக்கம். விறைத்த சீமெந்து இவ்வசைவைத் தாங்காது சில மாதங்களில் வெடிக்க, வெடிப்பினூடு இறங்கும் நீர் மண்சாந்தைக் கரைக்கிறது. மேலும் மேலும் பூசுவதால் நோய் தீராது. ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் நலிவதே மிச்சம். தாரும் சாக்கும் ஒரு மழைக்காலத்துக்கே போதும். முறையான பரிகாரம் வேறு. கூரைக்கு ஏறத்தாழ ஆறு அங்குலம் மேலே சுவரில் கிடையாக ஒரு தவாளிப்பு வெட்டி, ஈயத் தகட்டின் அல்லது நாகத் தகட்டின் மேல்விளிம்பை அதனுட் செருகி, கீழ்விளிம்பைத் தகரத்தின்மீது தளர்வாகப் படியவிடல் வேண்டும். ஒட்டாமல் மேற்படிந்திருப்பதாலேயே அது நிலைக்கிறது.

ஆனால் சுவரை வெட்டுவதற்கு உரிமையுடையவர் யார்? சாய்ப்பு தொழிலாளரின் உழைப்பு. சுவர் தோட்டத்தின் உடைமை. ஆகவே இம்மூட்டு, கட்டடப் பொருள்களின் மூட்டு மட்டுமன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றபோதும், சுவரின் உரிமை கைமாறியதேயன்றிக் குடியிருந்தோரை வந்தடையவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியிருந்தமையால், தோட்டத்திற்கு வெளியே ஒரு வீட்டைக் கோரும் வழியும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. உள்ளூராட்சியும் உதவவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்தோரின் கூரைக்கு அச்சபையால் ஒரு தகரமும் தர இயலாதிருந்தமை விந்தையே. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 2016 மே மாதப் பெருமழையில், புளத்கொஹுபிட்டியவின் களுப்பான தோட்டத்தில் மண்சரிந்து லயக் காம்பராக்களை அவற்றிலிருந்தோருடன் மூடியது. லயங்களுக்கு மாற்றாக, ஏழு பேர்ச் காணியில் உறுதியுடன் கூடிய தனிவீடு என்ற திட்டம் அக்காலத்தில் மலையகத்தில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.