புராஸ்டேட் புற்றுநோயும் வீடு தேடி வந்த வைத்தியமும்

முன்னுரை:

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்தில் பல பெரிய வீடுகளில் இன்று வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கிறார்கள். ஐயா இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவார். யாராவது கேட்டால் "வயசானா இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சாதாரண வீக்கம்தான். சிலருக்கு மட்டும் புராஸ்டேட் புற்றுநோயாக இருக்கும். இந்த நோய்க்கான சிகிச்சையும் வீட்டுப் பராமரிப்பும் வளர்ந்த கதையைப் பார்ப்போம்.

அடையாறில் ஆரம்பம்:

செட்டிநாட்டுக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம்தான் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குத் தந்தது. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. 1955-ல் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும் வரை அந்த மருத்துவமனைக்காகவே வாழ்ந்தார்.

மருந்தும் பரிசோதனையும்:

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் புராஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது என்று 1941-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். இதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் முற்றிய நோய்க்கு இதுவே அடிப்படை சிகிச்சை. 1980-களில் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை வந்தது. இதில் அளவு கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. மற்ற சோதனைகளும் செய்துதான் டாக்டர் முடிவு சொல்வார்.

வலிக்கு மருந்து:

இந்த நோய் முற்றினால் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவும். வலி தாங்க முடியாது. அதற்கு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் அதை வாங்கவே தயங்கின. இந்தியாவில் விளைந்த அபினி வெளிநாட்டு நோயாளிகளின் வலியைத் தீர்த்தது, நம் ஊர் நோயாளிகளோ துடித்தார்கள். 2014-ல்தான் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

வீட்டுக்கே வந்த நர்ஸ்:

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி எடுத்து, நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்த்தார்கள். 2008-ல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர இதில் வழி செய்யப்பட்டது. சிறுநீர் டியூப்பை எப்படிச் சுத்தமாக வைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாலே வீட்டில் உள்ள ஆச்சிக்குப் பாதி பாரம் குறையும்.

முடிவுரை:

தங்கையை இழந்த ஒரு பெண்ணின் துயரம் மருத்துவமனையானது. மருத்துவமனையால் முடியாததை வாசலுக்கு வரும் நர்ஸ் செய்கிறார். ஆனால் யாரும் கூப்பிடாமல் நர்ஸுக்குத் தெரியாது. ஐம்பது வயது கடந்த ஆண்கள் சிறுநீரில் இரத்தம், தடை, தீராத இடுப்பு வலி இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்பாவிடம் இதைக் கேட்கப் பிள்ளைகளும் கூச்சப்படக் கூடாது.