தூத்துக்குடிக் கடற்கரைத் தாது மணல் முறைகேடு

தாது மணல் முறைகேடு என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளில் குத்தகை எல்லைக்கு வெளியிலும், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேலும் கனிம மணல் அள்ளப்பட்டதாக எழுந்த விவகாரம் ஆகும். 2013ஆம் ஆண்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்த ஆய்வே இது அரசின் நடவடிக்கைக்கு உள்ளாகக் காரணமாயிற்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இதனை சி.பி.ஐ. விசாரிக்க ஆணையிட்டது. அரசு நிலத்தின் வளம் யாருடைய கணக்கில், எப்படிப் பதியப்படுகிறது என்பதே இவ்வழக்கின் மையக் கேள்வி.

பின்னணி

தூத்துக்குடியைச் சூழ்ந்த கடற்கரை நெடுங்காலமாக முத்துக்குளித்துறை என அறியப்பட்டது. முத்துச் சிப்பிகள் வளரும் கடலடித் திட்டுகள் 'பார்' எனப்படும். இவை ஆட்சியாளரின் உடைமையாகக் கருதப்பட்டன. பிரித்தானியர் ஆட்சியில் அதிகாரிகள் பார்களை முன்கூட்டியே சோதித்து, சிப்பிகள் முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்பை அறிவித்தனர். கரைக்கு வந்த சிப்பிகளில் குளிப்பாளர் பங்கு போக எஞ்சிய அரசின் பங்கு எண்ணப்பட்டுப் பொது ஏலத்தில் விற்கப்பட்டது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பே இக்கடற்கரையின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு ஆகும்.

முத்துக்குளிப்பில் அரசுக்குரியது கரையிலேயே எண்ணப்பட்டது. தாது மணலில் நிலைமை வேறு. மணல் ஓரிடத்தில் அள்ளப்பட்டு, மற்றோர் இடத்தில் பிரிக்கப்பட்டு, துறைமுகம் வழியாக வெளிநாடு செல்கிறது. இவ்வொவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு அலுவலகம் கணக்கு வைக்கிறது.

கனிமங்கள்

தென் தமிழகக் கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், சில்லிமனைட், மோனசைட் ஆகியவை கலந்துள்ளன. கார்னெட் தேய்ப்புப் பொருளாகவும் நீர்த்தாரை வெட்டுதலிலும் பயன்படுகிறது. இல்மனைட்டிலிருந்து வெண்ணிறச் சாயப்பொருளான தைட்டானியம் ஈராக்சைடு பெறப்படுகிறது. மோனசைட்டில் தோரியமும் அருமண் தனிமங்களும் உள்ளன. எனவே இது 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாகும். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகியன 2007ஆம் ஆண்டு முதல் அக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. மோனசைட் நீக்கப்படவில்லை.

இக்கனிமங்கள் எடை மிகுந்தவை. அலைகள் இலேசான மணலை இழுத்துச் செல்லும்போது இவை கரையில் கரும்பட்டையாகவும் செம்பட்டையாகவும் தங்குகின்றன. அள்ளிய மணல் நீரோட்டம், காந்தம், மின்புலம் ஆகியவற்றைக் கொண்டு தனித்தனிக் கனிமங்களாகப் பிரிக்கப்படுகிறது.

கணக்கு வைக்கும் முறை

கடற்கரை நிலத்தின் பெரும்பகுதி வருவாய்த்துறைப் பதிவேடுகளில் அரசுப் புறம்போக்காக உள்ளது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குபடுத்துதல்) சட்டத்தின்படி குறிப்பிட்ட புல எண்களுக்கு மட்டும் குத்தகை வழங்கப்படும். குத்தகையாளர் எடுக்கும் கனிமத்துக்கு மாநில அரசுக்கு உரிமத்தொகை செலுத்த வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை.

இதில் கீழ்க்காணும் அலுவலகங்கள் தொடர்புடையவை:

- கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர்: நிலப் பதிவேடு, புல எல்லை
- புவியியல் மற்றும் சுரங்கத்துறை: குத்தகை, நடைச்சீட்டு, உரிமத்தொகை
- அணுசக்தித் துறையின் அமைப்புகள்: மோனசைட்டின் அளவும் பாதுகாப்பும்
- சுங்கத்துறை: ஏற்றுமதி ஆவணங்கள்

கல் குவாரியில் விதிமீறல் நடந்தால் பள்ளம் எஞ்சி நிற்கும். மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடு குறித்து உயர் நீதிமன்றம் 2014இல் நியமித்த உ. சகாயம் ஆய்வுக்குழு போன்றவை அப்பள்ளங்களையே அளந்து இழப்பை மதிப்பிட இயலும். கடற்கரையில் அள்ளிய குழியை அடுத்த பருவத்து அலைகள் நிரப்பிவிடும். ஆகவே எவ்வளவு மணல் போயிற்று என்பதை நிலத்தைப் பார்த்து மட்டும் உறுதி செய்ய முடியாது. நடைச்சீட்டு, ஆலை இருப்பு, ஏற்றுமதி ஆகிய மூன்று கணக்குகளை ஒப்பிடுவதே முதன்மையான சான்றாகிறது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுடன் ஒத்துவராதபோது அதைக் கேட்க வேண்டிய கடமை எந்த ஒரு துறைக்கும் தனியாக இல்லாதது இம்முறையின் குறைபாடாகும்.

2013ஆம் ஆண்டு ஆய்வு

2013 ஆகத்து 6 அன்று அன்றைய தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் ஆஷிஷ் குமாரின் உத்தரவின் பேரில் வைப்பாறு பகுதிக் கடற்கரையில் ஆய்வு நடத்தப்பட்டது. அன்றே அவர் இடமாற்றம் செய்யப்பட்டது பரவலான விவாதத்துக்கு உள்ளானது. ஆகத்து 8 அன்று வருவாய்த்துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி தலைமையில் சிறப்புக்குழுவை மாநில அரசு அமைத்தது. அக்குழு தூத்துக்குடி மாவட்டம் பற்றிய அறிக்கையை அளித்ததும், செப்டம்பர் 17 அன்று ஆய்வு திருநெல்வேலி, கன்னியாகுமரி, திருச்சிராப்பள்ளி, மதுரை மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆய்வு முடியும்வரை கனிம மணல் அள்ளுவதற்குத் தடையும் விதிக்கப்பட்டது.

நீதிமன்ற நடவடிக்கைகள்

2015ஆம் ஆண்டு முதல் இவ்விவகாரம் பொதுநல வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. நீதிமன்றத்துக்கு உதவ வழக்கறிஞர் வி. சுரேஷ் நியமிக்கப்பட்டார். இருப்பில் உள்ள மணலை அளவிட இந்திய ஆட்சிப்பணி அலுவலர் சத்யபிரத சாகு தலைமையில் ஒரு குழு செயற்பட்டது. தடை நடப்பில் இருந்த காலத்திலும் கனிமங்கள் வெளியே கொண்டுசெல்லப்பட்டதாக நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கைகள் கூறின.

2025 பெப்ரவரி 17 அன்று நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், எம். ஜோதிராமன் ஆகியோர் அமர்வு தீர்ப்பளித்தது. உரிமத்தொகையாகவும் கனிமங்களின் விலையாகவும் சுமார் 5,832 கோடி ரூபாயை நிறுவனங்களிடமிருந்து வசூலிக்கும் அரசின் நடவடிக்கையை அமர்வு ஏற்றது. இருப்பில் உள்ள கனிமங்களை நடுவண் அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். வசம் ஒப்படைக்கவும், தொடர்புடைய அலுவலர்களின் பங்கை விசாரிக்கவும் உத்தரவிட்டது. இதன்படி 2025 ஏப்ரலில் சி.பி.ஐ. வழக்குகளைப் பதிவு செய்து சோதனைகளை நடத்தியது.

சட்டவிரோதமாக எடுக்கப்பட்ட கனிமத்தின் முழு விலையையும் வசூலிக்க 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(5) பிரிவு இடமளிக்கிறது. ஒடிசா இரும்புத் தாது வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது.

நிறுவனங்களின் நிலைப்பாடு

இத்துறையின் மிகப் பெரிய தனியார் நிறுவனமான வி.வி. மினரல் குற்றச்சாட்டுகளை மறுத்து வந்துள்ளது. முறையான குத்தகையும் அனுமதியும் பெற்றே தொழில் நடந்ததாக நிறுவனங்கள் வாதிட்டன. தடையால் வேலை இழந்ததாகத் தொழிலாளர்களும், கரை அரிப்பாலும் வலை விரிக்கும் இடம் சுருங்கியதாலும் பாதிக்கப்பட்டதாக மீனவர்களும் கூறினர். கடலோர ஊர்களில் இது பிளவை ஏற்படுத்தியது.

பின்வந்த சட்ட மாற்றங்கள்

2018 ஆகத்தில் கடற்கரைக் கனிமங்களின் ஏற்றுமதி ஐ.ஆர்.இ.எல். வழியாக மட்டுமே நடைபெற வேண்டும் என நடுவண் அரசு அறிவித்தது. 2019இல் அணுக்கனிமச் சலுகை விதிகள் திருத்தப்பட்டு, மோனசைட் கலந்த கடற்கரைக் கனிமங்களை எடுப்பது அரசு நிறுவனங்களுக்கு உரியதாக்கப்பட்டது. எடுப்பவர் அரசு நிறுவனமாயினும் நடைச்சீட்டு, இருப்பு, ஏற்றுமதிக் கணக்குகளை ஒப்பிடும் தேவை நீங்குவதில்லை.

வருவாயும் நலச் செலவும்

உரிமத்தொகை மாநிலத்தின் பொது வருவாயில் சேர்ந்து பள்ளி, மருத்துவமனை, சாலை போன்றவற்றுக்குச் செலவாகிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்பட வேண்டும். குத்தகையாளர் உரிமத்தொகையின் மேல் கூடுதலாக ஒரு பங்கை இதற்குச் செலுத்துவர். 2015 சனவரி 12க்கு முன் வழங்கப்பட்ட குத்தகைகளுக்கு இது உரிமத்தொகையில் 30 விழுக்காடு ஆகும். ஏலத்தில் வழங்கப்பட்டவற்றுக்கு 10 விழுக்காடு. நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், உடல்நலம், கல்வி போன்றவற்றுக்குச் செலவிட வேண்டும் என அதே ஆண்டின் வழிகாட்டுதல் கூறியது.

இந்நிதி உரிமத்தொகையின் விழுக்காடாகவே கணிக்கப்படுகிறது. எனவே கணக்கில் வராத ஒவ்வொரு வண்டி மணலும் அரசு வருவாயை மட்டுமன்றி, அகழ்வால் பாதிக்கப்படும் ஊருக்கு வரவேண்டிய பங்கையும் குறைத்துவிடும்.

மக்கள் அறியும் வழிகள்

தமிழ்நாடு 1997இலேயே தகவல் பெறும் உரிமைக்கென மாநிலச் சட்டம் இயற்றியது. 2005ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்தின்படி குத்தகை ஆணை, புல எண், செலுத்தப்பட்ட உரிமத்தொகை ஆகிய விவரங்களை எவரும் கேட்டுப் பெறலாம். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே பல தகவல்களை வெளியிட அலுவலகங்களைக் கடமைப்படுத்துகிறது. ஊராட்சிகளில் கிராம சபைக் கூட்டங்களில் இவை பற்றிக் கேள்வி எழுப்பலாம். இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குச் செல்கின்றன.

இவற்றையும் பார்க்க

- முத்துக்குளித்தல்
- மன்னார் வளைகுடா
- வ. உ. சிதம்பரனார் துறைமுகம்
- மோனசைட்
- தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005