மைரா ஹெஸ்: போர்க்கால லண்டனின் பியானோ கலைஞர்

பிரிட்டிஷ் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1890ஆம் ஆண்டு லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பயின்ற அவர், 1907இல், தமது 17ஆவது வயதில், தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழுவுடன் பீத்தோவனின் நான்காவது பியானோ கான்செர்ட்டோவை வாசித்து அரங்கேறினார்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், விமானத் தாக்குதல் அச்சத்தால் லண்டனின் இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக் கூடத்தின் ஓவியங்களும் பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டிருந்தன. வெறுமையான அக்கூடத்தில் நண்பகல் இசை நிகழ்ச்சிகளை நடத்த ஹெஸ் முன்வந்தார். அதன் இயக்குநர் கென்னத் கிளார்க் இசைந்தார். அக்டோபர் 10ஆம் தேதி முதல் நிகழ்ச்சியில் ஹெஸ்ஸே வாசித்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டுவீச்சு கடுமையானபோது நிகழ்ச்சிகள் நிலவறைக்கு மாறினவே தவிர, நின்றுவிடவில்லை.

முதலாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஜெர்மன் இசைக்கு எதிர்ப்பு எழுந்திருந்தது. ஆனால் இம்முறை, ஜெர்மனி குண்டு வீசிக்கொண்டிருந்த நகரிலேயே பாக், பீத்தோவன் ஆகியோரின் படைப்புகள் தொடர்ந்து ஒலித்தன. நாஜி அரசு வேறு, ஜெர்மானியரின் இசை மரபு வேறு என்பதை இந்த நிகழ்ச்சிகள் உணர்த்தின.

1941இல் ஹெஸ்ஸுக்கு 'டேம்' பட்டம் வழங்கப்பட்டது. 1946 ஏப்ரலில் இந்த நிகழ்ச்சிகள் நிறைவுற்றபோது அவற்றின் எண்ணிக்கை 1,698. கேட்டவர்கள் 8 லட்சத்திற்கும் அதிகமானோர். ஹெஸ் 1965 நவம்பரில் காலமானார்.